ஒரு கேமுக்கு மூன்று அபிப்பிராயம்

எங்கள் வீட்டில் முதல் சண்டை ஓர் அணிலால் வந்தது. உயிருள்ள அணில் இல்லை. கையில் பிடித்து விளையாடுகிற கேம் மெஷினுக்குள் கூரைக்குக் கூரை தாவி ஓடுகிற அணில். அது குழியில் விழுந்து செத்தது யாருடைய தப்பு என்பதுதான் சண்டை.

கல்யாணமான புதிது. நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். அதற்கு முன்னால் நாங்கள் ஃபோனில் பேசிக்கொண்டோம்தான், ஆனால் அந்தப் பேச்சில் பாதி "சிக்னல் இருக்கா" என்பதாகவே போய்விட்டது. மீதிப் பாதியில் இருவரும் வெட்கப்பட்டோம்.

தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் அவரும் நானும் என் மாமியாரும் மட்டும். மாமனார் இல்லை. என் கணவர் கையுறை செய்யும் பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவர். மாமியார் பால் வெட்டப் போவார், விடியும்போதே ரப்பர் மரங்களுக்கு நடுவில் நிற்பார். வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வாசலில் வேறு ஏதோ நீளமான பெயர் எழுதிப் போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஆனால் பிள்ளை மடுவம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

என் கணவருக்கு என்னை நீ என்பதா, நீங்க என்பதா என்று தெரியவில்லை. அதனால் வினைச்சொல்லே இல்லாமல் பேசினார். "சாப்பாடு?" என்பார். "பஸ்ஸுக்கு நேரம்?" என்பார். நானும் "ம்" என்பேன். மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். வீட்டில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. ஆனால் மூன்று பேர் இருக்கிற வீடு என்று வெளியில் நிற்பவர் சொல்ல முடியாது, அவ்வளவு அமைதி.

அப்போதுதான் கட்டாரில் வேலை செய்கிற என் அண்ணன் லீவில் வந்தார். கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்காக ஒரு பரிசு கொண்டுவந்தார். சேலையோ கைக்கடிகாரமோ என்று நினைத்துப் பிரித்தால், உள்ளே அந்த கேம் மெஷின். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன், கட்டைவிரலால் ஆட்டுகிற ஒரு சின்னக் குமிழ். கூடவே நகத்தளவு ஒரு கார்ட். அதில்தான் அணில் இருந்தது. "ரெண்டு பேருக்கும்" என்று அண்ணன் அழுத்திச் சொன்னார். மாமியார் அதைத் தூக்கிப் பார்த்து, இது என்ன பொட்டி என்று கேட்டார். விளையாடுகிறது என்றதும், சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயந்திரங்களில் என் கணவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று விளையாடத் தொடங்கினோம். பேச வேண்டிய அவசியம் இல்லாததால் இருவருக்கும் அது வசதியாக இருந்தது. அவருக்கு அணில் மேல் அவ்வளவு பிரியம். விழ விழச் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஓட வைப்பார். எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. தாவும்போது அடுத்த கூரை திரையில் தெரியாது. தாவிய பிறகுதான் அங்கே குழி இருப்பது தெரியும். தெரிவதற்குள் அணில் செத்துவிடும். அதன் பிறகு ஒரு கிழட்டு ஆந்தை வந்து, கவனமாக இரு என்று இங்கிலீஷில் புத்தி சொல்லும்.

ஒரு நாள் அந்த ஆந்தை வந்தபோது நான் மெஷினைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இது நல்லா இல்லைங்க" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் அந்த வீட்டில் அதுவரை நல்லா இல்லை என்று எதையும் சொன்னதில்லை. உப்புக் கூடிய குழம்பைக்கூட.

"ஏன்?" என்றார்.

கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டேன். குழி இருக்கிறது என்று முன்னமே காட்டியிருந்து நான் விழுந்தால் அது என் தப்பு. காட்டாமல் விழ வைத்துவிட்டு என்னைக் கவனமில்லாதவள் என்பது என்ன நியாயம்? மடுவத்தில் பிள்ளைகளோடு விளையாடும்போது நான் இப்படிச் செய்தால் ஒரு பிள்ளையும் மறுநாள் என் பக்கத்தில் வராது. இதைச் செய்தவனுக்கு ஆளை ஏமாற்றுவதற்கும் ஆட்டம் காட்டுவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்படியே போனது. எனக்கே ஆச்சரியம், எனக்குள் இவ்வளவு இருந்ததா என்று.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் சூடு ஏறியது. "நீ சொல்றது தப்பு" என்றார். "மொதல் தடவ விழுறதுக்குத்தான் அந்தக் குழி. ரெண்டாவது தடவ தாண்டுறப்ப வருதே ஒரு சந்தோசம், அதுக்காகத்தான் அத மறைச்சு வச்சிருக்கான். எல்லாத்தையும் முன்னுக்கே காட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

அன்றுதான் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக 'நீ' வந்தது. சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்தது. நான் விடவில்லை. மனப்பாடம் பண்ணுவதற்குப் பெயர் விளையாட்டா என்று கேட்டேன். அவர் பெக்டரியில் ஒரு புது மெஷினைப் பழுது பார்க்கப் பழகிய கதையைச் சொல்லி, உடைத்து உடைத்துத்தான் எதுவும் பிடிபடும் என்றார். உங்களுக்கு மெஷின் புத்தி என்றேன். உனக்கு டீச்சர் புத்தி என்றார். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் சத்தமாகப் பேசுவதைக் கேட்டுப் பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு எங்களுக்குப் பேச விஷயம் இல்லாமல் போனதே இல்லை.

அணிலை என் கணவர் முடித்த பிறகு அந்தக் கார்டை மாற்றி வேறு எடுக்கலாம் என்று தெஹியோவிட்ட டவுனுக்குப் போனோம். அங்கே ஃபோன் கவரும் சார்ஜரும் விற்கிற ஒரு முஸ்லிம் அண்ணனின் கடை இருந்தது, நானா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில் பழைய கேம் கார்ட்களை அடுக்கி வைத்திருப்பார். சுற்றியுள்ள ஊர்களில் கேம் விளையாடுகிறவர்கள் வாங்கவும் விற்கவும் மாற்றவும் அங்கேதான் வருவார்கள். நானாவுக்கு கேம் விளையாடத் தெரியாது. கண் வலிக்கும் என்பார்.

அணில் கார்டைக் கையில் வாங்கி, இது எப்படி என்று கேட்டார். "நல்ல கேம்" என்று என் கணவரும் "மோசமான கேம்" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்த ஒருவர் ஏன் என்று கேட்டார். நான் குழியைப் பற்றிச் சொன்னேன், அவர் இரண்டாவது தடவையைப் பற்றிச் சொன்னார். கடைக்குள்ளேயே சண்டை மூண்டது. கேட்டுக்கொண்டிருந்த மனிதர் யோசித்துவிட்டு, எனக்கு அப்படி விழுந்து எழும்புற கேம்தான் விருப்பம் என்று அணிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானா சிரித்தார். வருகிறவர்கள் எல்லாரும் எது நல்லம் என்று கேட்கிறார்கள், தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றார். நாங்கள் விரும்பிய கார்டை எடுத்துக்கொண்டு போகலாம், விளையாடி முடித்துக் கொண்டுவந்து தரலாம், மாற்றுவதற்குக் காசு ஒன்றும் வாங்கமாட்டாராம். ஆனால் இருவரும் தனித்தனியாக எப்படி என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் கடைக்குப் போய் வாயால் சொன்னோம். அவர் மறந்துவிடுவதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொன்னார். அனுப்பத் தொடங்கினோம்.

அந்த மாதங்களில் நாங்கள் விளையாடிய கேம்களைச் சொன்னால் முடியாது. ஒன்றில் தோட்டம் போட வேண்டும். விதைத்து, தண்ணீர் ஊற்றி, கோழி வளர்த்து, விளைந்ததைக் கொண்டுபோய் விற்க வேண்டும். எனக்கு அது பிடித்தது. அவருக்கு அறவே பிடிக்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் வேலையா என்று கேட்டார். நான் என் குரல் பதிவில், செடி வளர்கிற வேகத்தையும் நிறத்தையும் பாராட்டிவிட்டு, ஒரு குறை மட்டும் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் மழைக்குள் நாள் முழுக்க நின்றாலும் ஓர் அட்டை கடிப்பதில்லை. கூடையைத் தராசில் வைத்தால் ஈரம், கூடைப் பாரம் என்று ஒரு கிலோகூடக் கழிப்பதில்லை. இதைச் செய்தவர்கள் தோட்டம் பார்த்திருக்கிறார்கள், தோட்டத்தில் வேலை செய்ததில்லை என்று முடித்தேன்.

ஒரு துப்பறியும் கேம் வந்தது. கதை நல்ல கதை. ஆனால் திரை முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்தையும் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் தலையணையில் சாய்ந்து கேட்பார். கொலைகாரன் யார் என்பதில் நாங்கள் ஒரு வாரம் வேறுபட்டோம், கடைசியில் இருவரும் தப்பு. அதிலிருந்து எந்த கேமைச் சொன்னாலும், இங்கிலீஷ் தெரியாமல் விளையாட முடியுமா என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கேமைச் செய்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் கேள்வி.

கார் ஓட்டுகிற ஒரு கேமை நான் நன்றாகத் திட்டினேன். வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்பதில்லை, பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது, கட்டைவிரல் வலிப்பதுதான் மிச்சம் என்றேன்.

இது எல்லாம் நானாவின் காதுக்கு மட்டும் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவிசாவளைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அம்மா பலாங்கொடையிலிருந்து ஃபோன் எடுத்தார். பேசிக்கொண்டே வந்தேன். வைத்ததும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். சிங்களவர், நடுத்தர வயது. இந்த ரூட்டில் ஓடி ஓடித் தமிழ் பழகியவர், ஆனால் தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் நங்கி என்றுதான் சொல்வார்.

"ஒரு நிமிசம் நங்கி. நீங்கதானே அந்தக் கார் கேம் நல்லம் இல்ல சொன்னது? கொரல் அதேதான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தன் ஃபோனை எடுத்துக் காட்டினார். நானாவின் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் எங்கள் குரல் பதிவுகள் வரிசையாக இருந்தன. என்னுடையதும் என் கணவருடையதும். தமிழ் தெரியாதவர்களுக்காகக் கீழே யாரோ சிங்களத்தில் சுருக்கம் வேறு எழுதியிருந்தார்கள். கூச்சத்தில் எனக்குக் காது சிவந்துவிட்டது. கண்டக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு மனக்குறை வேறு.

"ஸ்டியரிங்ல குற்றம் இல்ல நங்கி. அந்த ரோட்டுல மழை. மழையில வாகனம் அப்படித்தான் போகும். நம்ம பஸ்ஸும் அப்படித்தான்."

அப்போது பஸ் ஒரு வளைவில் திரும்பியது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடிக்காமலே நின்று, அது ஷோக் கேம், நல்ல கேம், மழை வரும்போது முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரும் உங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை என்றார். சொல்லித் தராதது கேமின் குறை இல்லையா என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் போதவில்லை, சிங்களத்துக்கு மாறினார். எனக்குச் சிங்களம் மட்டுமட்டு, பலாங்கொடைத் தமிழோடு கலந்து அடித்தேன். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், டிக்கட் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். அவிசாவளை வந்தும் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இறங்கும்போது, அடுத்த கேம் எது என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் நானாவின் கடைக்குப் போனேன். கேட்காமல் எப்படி எல்லாருக்கும் அனுப்பினீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சங்கடப்பட்டார். இப்படி ஒரு நல்ல பேச்சைத் தனியாகக் கேட்பது பாவம் என்று தோன்றியதாகச் சொன்னார். வேண்டாமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகவும் சொன்னார். கோபப்படத்தான் போயிருந்தேன். ஆனால் யார் யார் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று அறிகிற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. குரூப்பில் எங்களையும் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். என் கணவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் ஃபோனைப் பிடித்து, தன் கட்சிக்கு எத்தனை பேர், என் கட்சிக்கு எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் நாங்கள் போட்ட அணில் சண்டையை நானா தன் வாயாலேயே சொல்லிப் போட்டிருந்தார், அதில் அவர் கட்சி பெரிது. அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினார்.

தெரிந்த பிறகு பேசுவது வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு நினைத்ததைச் சொல்வேன். இப்போது நினைத்ததைக் கொஞ்சம் மெருகு போட்டுச் சொன்னேன். யாராவது சிரிக்கிற படம் போட்டால் மனதுக்குள் குளிர்ந்தது. அடுத்த தடவை இன்னும் கூர்மையாகச் சொல்லத் தோன்றியது. அப்படி இருக்கிற நேரத்தில்தான் மீன் பிடிக்கிற கேம் வந்தது.

அதன் அட்டையில் படம் மிக அழகு. மூடுபனி, ஏரி, ஒரு சின்னப் படகு. நானா அட்டையை நம்பி ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓர் அடுக்கே வாங்கிவிட்டார். எங்களுக்கும் ஒன்று தந்தார். போட்டுப் பார்த்தால் படகில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தூண்டில் போட வேண்டும். பிறகு ஒன்றும் இல்லை. தண்ணீர் அசைகிறது. எங்கேயோ ஒரு குருவி கத்துகிறது. நெடுநேரம் கழித்து மீன் இழுக்கலாம், இழுக்காமலும் போகலாம். எதிரி இல்லை, கதை இல்லை, அடுத்த கட்டம் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மடுவத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், ஒன்று அழும், ஒன்று கடிக்கும், ஒன்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடும். அதற்குப் பழகிய கண்ணுக்கு இந்த ஏரி ஒரு தண்டனை. என் பதிவில் இப்படிச் சொன்னேன்: தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார எதற்கு கேம், எங்கள் லயத்துக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர்க் கானில் எந்நேரமும் ஓடுகிறது, பேட்டரியும் தேவையில்லை. என் கணவர் வழக்கமாக எனக்கு எதிராகப் பேசுகிறவர், அன்று எவ்வளவு முயன்றும் "படம் அழகு" என்பதற்கு மேல் வரவில்லை.

குரூப்பில் ஒரே சிரிப்பு. ஆட்கள் கான் தண்ணீரைப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த கேமை ஒருவரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து நானா ஃபோன் எடுத்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி, நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். எனக்கு கேம் வெளங்காது. ஆனா நீங்க எவ்வளவு நேரம் வெளயாடிப் பாத்தீங்க?"

நல்லது என்று பொய் சொல்ல முடியாது என்றேன். பொய் சொல்ல வேண்டாம், முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்றார். அது நியாயமாகப் பட்டது. மறுநாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு மீன் பிடித்தேன். எனக்கு அபிப்பிராயம் மாறவில்லை. இன்னும் சலிப்புத்தான் கூடியது. மெஷினை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

அந்த வாரம் விடாத மழை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, அதனால் மாமியார் வீட்டில் இருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. அரிசி களைந்த பாத்திரம் அப்படியே இருக்கிறது. மாமியார் ஜன்னலோரம் ஸ்டூலில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மெஷினை இரண்டு கையாலும் தட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தே, என்ன பண்றீங்க?"

"சும்மா இரு புள்ள. இப்பதான் இழுக்குது."

நான் சும்மா இருந்தேன். மீன் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் விட்டார். அப்படி விடலாம் என்பதே எனக்குத் தெரியாது, நான் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் என் பக்கம் திரும்பி, சோறு வைக்கவில்லையே என்று பதறினார். பரவாயில்லை என்று முந்தின நாள் ரொட்டியைச் சூடாக்கினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டதில், மழை தொடங்கிய நாளிலிருந்து அவர் விளையாடுகிறார் என்று தெரிந்தது. நாங்கள் விளையாடுவதைப் பார்த்துப் பட்டன் எல்லாம் பழகியிருக்கிறார். முந்திய கேம்களையும், அவை வீட்டில் இருந்த நாட்களிலேயே, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அணில் பதற்றமாக இருந்ததாம். கார் தலை சுற்றியதாம். தோட்டம் போடுகிற கேமில் கோழி மட்டும் நன்றாக இருந்ததாம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்க, குறுக்க வரக் கூடாதுன்னு இருந்தேன் என்றார்.

அன்று சாயந்திரம் என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அம்மாவுக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாது என்றார். மாமியார் மெஷினை வாங்கி, அவர் கண்ணுக்கு முன்னாலேயே தூண்டில் போட்டுக் காட்டினார். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு மீனுக்காக அம்மாவோடு சேர்ந்து காத்திருந்தார். அவரும் அம்மாவும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபோனை எடுத்து, முதலில் என் பங்கைச் சொன்னேன். முழுக்க விளையாடிவிட்டேன், எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, பாட்டு ஒரே பாட்டு, மீன் வகை குறைவு, அதில் மாற்றமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, ஏன் என்று அவரே சொல்வார் என்று ஃபோனை மாமியாரிடம் நீட்டினேன். மாட்டேன் என்று முந்தானையால் வாயை மூடினார். மகன் கெஞ்சினார். பிறகு மாமியார் கட்டாருக்கே கேட்க வேண்டும் என்பதுபோலச் சத்தமாகப் பேசினார்.

"நான் பால் வெட்டப் போற ஆளு. எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது, இதுல எழுத்து வேணாம். தூண்டியப் போட்டுட்டு ஒக்காந்திருக்கணும். மீனு வந்தா வரும், வராட்டி வராது. வராட்டி ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மழை நாளுக்கு நல்லது. மருமகளுக்குப் புடிக்கல, அதுக்கு இன்னும் வயசு இருக்கு."

அவ்வளவுதான். பேசி முடித்ததும், ஃபோன் அணைந்துவிட்டதா என்று கேட்டார்.

அனுப்பிவிட்டு நான் வெளியில் வந்து நின்றேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற ஒரு சொல் மனதைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, ஏன் குறைவு என்று கேட்கிற குரலுக்கு முன்னால் நிற்கிறவர் அவர். ஒன்றும் நடக்காத அந்த ஏரி எனக்கு வெறும் ஏரி. அவருக்கு அது லீவு. அதே கேம்தான். என் காதுக்கு அந்தக் குருவிச் சத்தம் அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

குரூப்பில் முதலில் ஒரு பெண் எழுதினார், தன் அப்பா ஆபரேஷன் முடிந்து கட்டிலில் இருக்கிறார், எழும்ப முடியவில்லை, அவருக்கு இது சரிவருமா என்று. ஒரு டீச்சர், பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்தி முடிந்ததும் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். கண்டக்டர் சிங்களத்தில், அம்மா சொன்னது சரி, என் மனைவி என்னைவிடப் பொறுமைசாலி, அவளுக்கு ஒன்று எடுத்து வை நானா என்று போட்டார். அடுக்கு கரைந்தது. அடுத்த தடவை கடைக்குப் போனபோது நானா எங்களுக்கு ஒரு பொட்டலம் தந்தார். அவருடைய மனைவியின் ஊர் வரக்காப்பொல, அங்கிருந்து வந்த எள்ளுருண்டை. பொட்டலத்தை என்னிடம் கொடுக்கவில்லை. "இது அம்மாவுக்கு" என்று என் கணவரின் கையில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு நான் பேசும் விதம் மாறியது. திட்டுவதைக் குறைக்கவில்லை. திட்டாவிட்டால் யார் நம்புவார்கள்? ஆனால் கடைசியில் இது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். விரல் வலிக்கிறவர்களுக்கு வேண்டாம், பஸ்ஸில் போகிறவர்களுக்கு நல்லது, பிள்ளை தூங்கும் நேரத்தில் விளையாடலாம் சத்தம் இல்லை, இப்படி. என் கணவர் எல்லாவற்றையும் கஷ்டமாக இருந்தால் நல்லது, சுலபமாக இருந்தால் மோசம் என்று இரண்டாகத்தான் பிரிப்பார். அதையும் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். மாமியார் பிடித்தால் மட்டும் பேசுவார். பிடிக்காவிட்டால், எனக்கு வேலை கிடக்கு என்று எழும்பிப் போய்விடுவார். குரூப்பில் உள்ளவர்களுக்கு அதுவே போதும். அம்மா பேசவில்லையா, அப்ப அது சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு மேளம் அடிக்கிற கேம் வந்திருக்கிறது. தாளத்துக்குச் சரியாகப் பட்டனைத் தட்ட வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இவ்வளவு துல்லியமாகக் கையும் காதும் சேர்கிற கேமை நான் இதுவரை பார்க்கவில்லை என்று பதிவு செய்து வைத்திருக்கிறேன். என் கணவருக்குச் சுலபமாக இருக்கிறதாம். மாமியாருக்கு, கோயில் திருவிழாவில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் இதைவிட நன்றாக அடிப்பார்களாம். முதல் தடவையாக அம்மாவும் மகனும் ஒரு கட்சி, நான் தனி. சாப்பிடும்போது இருவரும் சேர்ந்து என்னைக் கேலி செய்தார்கள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு, உங்க ரெண்டு பேருக்கும் தாளமே கிடையாது என்றேன். மாமியார் சோற்றுக் கையை நீட்டி, மற்றக் கையால் தட்டில் தட்டி ஒரு தாளம் போட்டுக் காட்டினார். என் கணவர் வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறி, நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.